சான் பிரான்சிஸ்கோ கேபிள் காரை மாதிரியாகச் செய்வது: முதலில் சாலை, அப்புறம் கார்

கேள்வி கேட்டவருக்கு மரவேலை ஓரளவு வரும். சான் பிரான்சிஸ்கோவின் கேபிள் காரை அளவு பிசகாமல், நுணுக்கமாகச் செய்ய ஆசை. வண்டிக்குள் மோட்டார் வைக்காமல், அசலைப் போலவே தரைக்கு அடியில் ஓடும் கயிறு இழுத்துப் போக வேண்டும் என்கிறார். எந்த அளவில் செய்வது, எங்கே தொடங்குவது, கயிற்று வேலை வீட்டு மேசையில் சாத்தியமா என்பவை அவர் கேள்விகள்.

சாத்தியம்தான். ஆனால் பெரும்பாலானோர் கண்ணில் படும் பகுதியில், அதாவது காரின் உடலில் தொடங்குகிறார்கள். ஜன்னல், பெஞ்சு, பித்தளைக் கம்பி எல்லாம் அழகாக முடிந்த பிறகு அடியில் கயிற்றைப் பிடிக்கும் கருவிக்கு இடம் தேடுகிறார்கள். இடம் இருக்காது. கடைசியில் ஒரு சின்ன மோட்டாரைச் சக்கரத்தில் மாட்டி ஓட்டிவிடுவார்கள். அது டிராம் ஆகிவிடும், கேபிள் கார் ஆகாது. என் யோசனை இதற்கு நேர் எதிர்: சாலையையும் கயிற்றையும் முதலில் செய்யுங்கள். வெறும் பலகைக்கு நான்கு சக்கரம் வைத்து அதில் ஓட்டிப் பாருங்கள். அது சரியாக ஓடிய பிறகு மேலே உடலைக் கட்டுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அசல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த வண்டியில் எஞ்சினே கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சாலையில் ஓர் அங்குலத்துக்கும் குறைவான அகலத்தில் நீளமான பிளவு ஒன்று போகும். அதற்கு அடியிலுள்ள குழியில் சுமார் 32 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கயிறு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வேகம் எப்போதும் ஒன்றுதான், மணிக்கு 9.5 மைல், ஏறத்தாழ 15.3 கிலோமீட்டர். வண்டியிலிருந்து ஒரு தகடு பிளவு வழியாகக் கீழே இறங்கி, நுனியில் இருக்கும் தாடையால் கயிற்றைக் கவ்வுகிறது. இந்தக் கருவிக்குக் கிரிப் என்று பெயர், இயக்குபவர் கிரிப்மேன். நெம்புகோலைப் பின்னால் இழுத்தால் தாடை இறுகும், வண்டி கயிற்றோடு போகும். முன்னால் தள்ளினால் கயிறு தாடைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும், வண்டி நிற்கும். பழனி விஞ்ச்சைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும். விஞ்ச்சில் பெட்டி கயிற்றோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கிறது, பெட்டி நிற்க வேண்டுமானால் கயிறே நிற்க வேண்டும். இங்கே கயிறு நிற்பதில்லை, வண்டிதான் பிடிப்பதும் விடுவதும்.

இதை முதலில் ஓட்டிக் காட்டியவர் ஆண்ட்ரூ ஸ்மித் ஹாலிடி. லண்டனில் பிறந்து கலிஃபோர்னியாவில் சுரங்கங்களுக்குக் கம்பிக் கயிறு தயாரித்துக்கொண்டிருந்தவர். ஈரமான கல் பாவிய சரிவில் வண்டிக் குதிரைகள் வழுக்கி விழுந்ததைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கம்பிக் கயிறு விற்பவருக்குக் கயிறு இழுக்கும் ரயில் தோன்றியதில் வியப்பில்லை. 1873 ஆகஸ்ட் தொடக்கத்தில் கிளே தெருவில் சோதனை ஓட்டம் நடந்தது. பொறியாளர் வில்லியம் எப்பல்ஷைமருக்கு அதில் பெரிய பங்குண்டு, பலர் மறந்துவிடும் பெயர் அது.

சரி, இப்போது எந்தக் காரைச் செய்வது என்பதை முடிவு செய்யுங்கள். ‘சான் பிரான்சிஸ்கோ கேபிள் கார்’ என்று பொதுவாக ஒரு கார் இல்லை. இன்று ஓடுபவற்றில் இரண்டு வகை. பவல் தெருவில் ஓடுபவை ஒரு பக்கம் மட்டுமே முகம் உள்ளவை. முன்பாதி திறந்த பகுதி, வெளிப்பக்கம் பார்த்த பெஞ்சுகள், நடுவே நெம்புகோல்கள். பின்பாதி மூடிய அறை, அதற்குப் பின்னால் கண்டக்டர் நிற்கும் சிறு மேடை. பாதையின் முனையில் தரையோடு இருக்கும் சுழல்மேடையில் ஏற்றிக் கையால் தள்ளித் திருப்புவார்கள். கலிஃபோர்னியா தெருவில் ஓடுபவை இருமுகம் கொண்டவை. நடுவில் மூடிய அறை, இரு முனையிலும் திறந்த பகுதி, இரண்டு பக்கமும் கிரிப் நெம்புகோல். திருப்ப வேண்டியதில்லை. முதல் முயற்சிக்கு நான் பவல் காரையே சொல்வேன். ஒரே ஒரு கிரிப் என்பது முதல் காரணம். மூடிய அறை பின்பக்கம் முழுவதும் கிடைப்பதால் மின்சாமான்களை ஒளித்து வைக்க இடம் கிடைக்கும் என்பது இரண்டாவது.

அடுத்தது ஆண்டு. இதில்தான் நிறைய மாதிரிகள் சறுக்குகின்றன. பவல் கார்கள் 1973 வாக்கில்தான் 1 முதல் தொடங்கும் இப்போதைய எண்களுக்கு மாறின. அதற்கு முன் 500 வரிசையில் எண்கள் இருந்தன. நிறமும் மாறியது. நகராட்சியின் கையில் பல பத்தாண்டுகள் அவை பச்சையும் இளமஞ்சளுமாக ஓடின. 1973இல் நூற்றாண்டை ஒட்டி முதல் எண் காரைப் பழைய 19ஆம் நூற்றாண்டு பாணியில் மெரூன் நிறத்தில் கட்டினார்கள். 1982 செப்டம்பரில் எல்லாத் தடங்களையும் நிறுத்தி, சாலையைத் தோண்டி, கார்களைப் பிரித்துக் கட்டி, 1984 ஜூனில் திரும்ப ஓட்டியபோது மற்ற பவல் கார்களும் மெரூன் பாணிக்கு வந்தன. ஆகவே மெரூன் காரில் 500 வரிசை எண்ணை எழுதிவிட்டு 1950களின் தெருக்காட்சியில் நிறுத்தினால், விவரம் தெரிந்தவர் தூரத்திலேயே சிரித்துவிடுவார். பழைய நிறங்களைத் தாங்கி இன்றும் சில கார்கள் ஓடுகின்றன என்பது இன்னொரு குழப்பம். இணையத்தில் கிடைக்கும் புகைப்படத்தில் பச்சைக் கார் இருந்தால், அது 1960களின் படமா, நேற்று எடுத்ததா என்று பின்னணியில் நிற்கும் மோட்டார் கார்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எனக்குப் பிடித்த காலம் 1947. அந்த ஆண்டு மேயர் ரோஜர் லேபம் பவல் தடங்களை மூடிவிட்டுப் பேருந்து விடலாம் என்றார். ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி குடிமக்கள் குழு அமைத்துப் போராடி, விஷயத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்கு வாக்குகூட எதிர்த்தரப்புக்குக் கிடைக்கவில்லை. பச்சை இளமஞ்சள் கார் ஒன்றை அந்த ஆண்டின் தோற்றத்தில் செய்தால், மாதிரியோடு சொல்ல ஒரு கதையும் சேரும்.

அளவு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: 1:24, அதாவது அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. காரணம் தண்டவாளம். அசலில் தண்டவாள இடைவெளி 3 அடி 6 அங்குலம், 1067 மில்லிமீட்டர். அதை 24ஆல் வகுத்தால் 44.5 மில்லிமீட்டர் வரும். தோட்ட ரயில் மாதிரிகளுக்கு உலகமெங்கும் விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 45. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் சக்கரமும் அச்சும் தயார்நிலையில் கிடைத்துவிடும். பவல் காரின் நீளம் 27 அடி 6 அங்குலம், மாதிரியில் 35 சென்டிமீட்டர். அகலம் 8 அடி, மாதிரியில் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேசையில் வைக்க வசதியான அளவு, கையும் உள்ளே போகும். 1:48இல் செய்யலாம், அழகாக இருக்கும், ஆனால் கிரிப் வேலை கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரின் வேலையாகிவிடும். 1:87இல் கார் உங்கள் உள்ளங்கையில் அடங்கும், கயிற்றை மறந்துவிட வேண்டியதுதான்.

வரைபடங்களுக்கு அலைய வேண்டாம். 1982 மராமத்துக்குச் சற்று முன், அமெரிக்கப் பொறியியல் மரபுச் சின்னங்களை ஆவணப்படுத்தும் அரசுத் திட்டத்தின் கீழ் இந்த அமைப்பு முழுவதையும் பதிவு செய்தார்கள். அந்த வரைபடங்களும் படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. யாராவது உறவினர் அந்த ஊரில் இருந்தால், வாஷிங்டன் தெருவும் மேசன் தெருவும் சந்திக்கும் இடத்திலுள்ள கேபிள் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போகச் சொல்லுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. கயிறுகளை இழுக்கும் பெரிய சக்கரங்கள் அங்கேதான் சுழல்கின்றன. மேலிருந்து பார்க்கலாம். கிளே தெருவின் பழைய கார் ஒன்றும் அங்கே இருக்கிறது. போகிறவரிடம் காரின் முகத்தைப் படமெடுக்கச் சொல்லாதீர்கள், அது எங்கும் கிடைக்கும். அடிப்பகுதி, கூரையின் ஓரம், பெஞ்சுக்குக் கீழ், படிப்பலகையைத் தாங்கும் இரும்புப் பட்டை இவற்றைக் கேளுங்கள்.

இனி சாலை. சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்கள் ஒரே சரிவாக ஏறுவதில்லை. சரிவு, குறுக்குத் தெரு வரும் இடத்தில் சமதளம், மறுபடி சரிவு என்று போகும். ஹைட் தெருவில் மிகச் செங்குத்தான இடத்தில் 21 சதவீதம், கிட்டத்தட்ட 12 டிகிரி. மாதிரிக்கு இந்தப் படிக்கட்டு அமைப்பில் எந்தத் துண்டை வெட்டியெடுப்பது என்பது முக்கியம். சமதளத்திலிருந்து சரிவு தொடங்கும் குழிவான இடத்தைத் தொடாதீர்கள். அங்கே இறுகிய கயிறு நேர்கோட்டில் போகப் பார்க்கும், பிளவை நோக்கி மேலே எழும்பும். அசலில் அதைக் கீழே அழுத்திப் பிடிக்கத் தனிக் கப்பிகள் இருக்கின்றன, கிரிப் அவற்றைக் கடந்து போகவும் ஏற்பாடு உண்டு. வீட்டில் இது தலைவலி. மேட்டின் உச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: கீழே சரிவு, மேலே குறுக்குத் தெருவின் சமதளம். அங்கே கயிறு தானாகவே கீழ்நோக்கி அமர்ந்திருக்கும், தாங்குவதற்கு அடியில் கப்பி வைத்தால் போதும்.

உச்சியில் சரிவும் சமதளமும் சட்டென்று மடங்கக் கூடாது. முன்சக்கரங்கள் மேலேயும் பின்சக்கரங்கள் சரிவிலும் இருக்கும் நேரத்தில் வண்டியின் வயிறு தரையை நெருங்கும், கிரிப்பும் அதோடு கீழே இறங்கிக் கப்பியில் இடிக்கும். ஒரு மீட்டர் ஆரமாவது வைத்து வளையுங்கள். 12 டிகிரி திரும்ப இருபது சென்டிமீட்டர் நீளம் போதும். மொத்தச் சாலை ஒன்றரை மீட்டர் இருந்தால் நல்லது. இரண்டு மீட்டருக்கு இடம் இருந்தால் விடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

பிளவு அசல் அளவுப்படி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வரும். கயிற்றின் தடிமன் 32ஐ வகுத்தால் 1.3 மில்லிமீட்டர். கயிறு பிளவைவிடத் தடிமனாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள், அசலிலும் அப்படித்தான். அதனால் கயிற்றை மேலிருந்து உள்ளே போட முடியாது. சாலையின் மேற்தளத்தை இரண்டு நீளத் துண்டுகளாக, திருகாணி போட்டுக் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள். பிளவின் இரு உதடுகளுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் பித்தளைப் பட்டை வையுங்கள். மரத்திலேயே விட்டால் மழைக்காலத்தில் பலகை ஊதிப் பிளவு மூடிக்கொள்ளும், சென்னை போன்ற கடலோர ஊரில் இது நிச்சயம் நடக்கும். இடைவெளியைச் சரியாக ஒரு மில்லிமீட்டர் வைத்து, நீளம் முழுவதும் ஒரு மில்லிமீட்டர் தகட்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது சிக்கினால் அங்கே அரம் போடுங்கள்.

கயிறு எதில்? அசல் கயிற்றின் நடுவே சணல் போன்ற சைசல் நார்த்திரி, அதைச் சுற்றி ஆறு புரிகள், ஒவ்வொரு புரியிலும் 19 கம்பிகள். அந்த ஆசையில் எஃகுக் கம்பிக் கயிறு வாங்கிவிடாதீர்கள், சிறிய கப்பியில் வளையாது, விறைத்துக்கொண்டு நிற்கும். நைலான் இழுபடும், பருத்தி ஈரத்தைக் குடித்து நீளம் மாறும். பின்னிய பாலியெஸ்டர் நூல்தான் எனக்குத் தெரிந்தவற்றில் சிறந்தது. நடுவில் திரி இல்லாத, குழாய் போன்ற பின்னலாகப் பார்த்து வாங்குங்கள். இணைப்பு போட அதுதான் வசதி. முடிச்சு போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கிரிப்பில் இடிக்கும். சூப்பர் க்ளூ விட்டு ஒட்டினால் அந்த இடம் குச்சி மாதிரி விறைத்துவிடும். மாறாக, ஒரு முனையின் பின்னலை நெருக்கித் தளர்த்தி, ஊசி கொண்டு மறுமுனையை அதற்குள் நான்கு சென்டிமீட்டர் நுழையுங்கள். நுழைக்கும் முனையில் சில இழைகளை முன்பே கத்தரித்துச் சரிவாக மெலியச் செய்தால் இணைப்பு பருக்காது. அதே போல மறுமுனையையும் இதற்குள் செருகி, மெல்லிய நூலால் இரண்டு மூன்று தையல் போடுங்கள். இழுக்க இழுக்கப் பின்னல் இறுகுமே தவிரக் கழலாது. பிறகு கறுப்புச் சாயத்தில் தோய்த்துக் காயவிடுங்கள். அசல் கயிற்றுக்குத் தார் பூசுவார்கள், நிறம் பொருந்தும்.

எந்தக் கயிறும் நாளடைவில் தளரும். கயிறுகளை இழுக்கும் பவர்ஹவுஸில் இதற்காகவே ஒரு பெரிய சக்கரத்தைத் தள்ளுவண்டி போன்ற சட்டத்தில் ஏற்றி, அது பின்னால் நகர்ந்து தளர்ச்சியை எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். மாதிரியிலும் அப்படியே செய்யுங்கள். திரும்பும் கப்பியை நகரும் துண்டில் பொருத்தி, நூல் கட்டி மேசையோரத்தில் ஓர் எடையைத் தொங்கவிட்டால் போதும். ஸ்பிரிங்கைவிட எடை மேல், இழுவிசை மாறாது. கண்ணாடி வைத்துக் காட்டினால் பார்க்க வருபவர்கள் காரைவிட இதைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள்.

வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 15.3 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 4.25 மீட்டர். 24ஆல் வகுத்தால் நொடிக்கு 18 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 60 சுற்று சுழலும் 12 வோல்ட் கியர் மோட்டார் சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும். அதில் 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்பியை மாட்டினால் நொடிக்கு ஒரு சுற்று, சுற்றளவு 179 மில்லிமீட்டர். கணக்கு அப்படியே பொருந்திவிடுகிறது. இந்த வேகத்தில் ஒரு மீட்டரைக் கடக்க ஆறு நொடிகூட ஆகாது. சாலை நீளம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். சிலர் பார்வையாளர்களுக்காகப் பாதி வேகத்தில் ஓட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வண்டியின் அழகே, மேட்டைப் பற்றிக் கவலையே படாமல் ஒரே வேகத்தில் ஏறுவதுதான்.

எடையும் பாருங்கள். அசல் பவல் கார் சுமார் 7 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 24 மடங்கு குறைவதால் எடையை 13,824ஆல் வகுக்க வேண்டும், அரைக் கிலோ வரும். 12 டிகிரி சரிவில் அதை மேலே இழுக்க ஏறத்தாழ நூறு கிராம் விசை போதும், உராய்வையும் சேர்த்தால் இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன மோட்டாருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பிரச்சினை வருவதானால் மோட்டாரில் வராது, கப்பியில் நூல் வழுக்குவதில்தான் வரும். நூலை ஓட்டும் கப்பியிலும் துணைக் கப்பியிலுமாக எட்டு வடிவில் சுற்றினால் பிடிப்பு கிடைத்துவிடும். பழைய பவர்ஹவுஸிலும் கயிற்றை எட்டு வடிவில்தான் சுற்றினார்கள்.

இப்போது கிரிப். முழு வேலையிலும் கடினமான பகுதி இது. தகட்டுக்கு, மெக்கானிக்குகள் இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜின் இலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 0.3 மில்லிமீட்டர் இலைகள் இரண்டு. சேர்ந்தாலும் 0.6தான், ஒரு மில்லிமீட்டர் பிளவில் தாராளமாகப் போகும். ஓர் இலை வண்டியோடு நிலையாக இருக்கும். அதன் கீழ் முனையில் பித்தளையில் செய்த சிறிய ‘ட’ வடிவத் தாடையை வெள்ளி ஈயத்தால் பற்றவையுங்கள், கயிறு அதன்மேல் உட்காரும். இன்னோர் இலை மேலும் கீழும் நகரும், அதன் முனை கயிற்றை மேலிருந்து அழுத்தும். அசலில் தாடை பக்கவாட்டில் மூடும், உருளைகளும் சாய்தகடும் உண்டு. 1:24இல் அதை அப்படியே செய்து ஓட்டுவது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. இந்த இடத்தில் தோற்றத்துக்குப் பதில் வேலை நடப்பதைத் தேர்ந்தெடுங்கள், தரைக்கு அடியில் யாரும் பார்க்கப் போவதில்லை.

நகரும் இலையை இயக்க ஒன்பது கிராம் சர்வோ ஒன்று, அதாவது சொன்ன கோணத்துக்குக் கையைத் திருப்பும் குட்டி மோட்டார், போதும். பெஞ்சின் உயரம் மாதிரியில் 19 மில்லிமீட்டர் வரும், சர்வோவைப் படுக்கவைத்தால் 12தான். ஒரு பக்கப் பெஞ்சுக்கு அடியில் சர்வோ, மறுபக்கம் ஒற்றை செல் பேட்டரியும் ரிமோட்டுக்கான ரிசீவரும். சர்வோவின் கையை நெம்புகோலோடு இணைத்துவிட்டால், கிரிப் பிடிக்கும்போது நடுவில் நிற்கும் நெம்புகோல் உண்மையிலேயே பின்னால் சாயும். கிரிப்மேன் பொம்மையின் கையை அதில் ஒட்டாமல் சும்மா தொட்டபடி வையுங்கள்.

நூலை மெதுவாகக் கவ்வ வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சர்வோ சட்டென்று மூடினால் அரைக் கிலோ வண்டி துள்ளும். அசலில் கிரிப்மேன் முதலில் கொஞ்சம் வழுக்கவிட்டு, வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் முழுவதுமாக இறுக்குவார். அப்படித் தேய்வதற்கென்றே தாடையில் மென்மையான உலோகத் துண்டுகள் வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். உங்கள் மாதிரியிலும் பித்தளைத் தாடை தேயும், நூல் தேயும். தாடையின் ஓரங்களை 1000ஆம் நம்பர் உப்புத்தாளில் மழுங்க விடுங்கள், நூல் நீண்ட நாள் வரும்.

நிறுத்துவது? சரிவின் நடுவில் கிரிப்பை விட்டால் வண்டி பின்னால் உருண்டு வந்துவிடும். உச்சியின் சமதளத்தில் விடுங்கள், கொஞ்ச தூரம் தானாக ஓடி நிற்கும். அசலிலும் நிறுத்தங்கள் பெரும்பாலும் தெருச் சந்திப்பின் சமதளத்தில்தான். இறங்கும்போது அதே கயிற்றைக் கவ்விக்கொண்டே இறங்க வேண்டும், கயிறே வேகத்தைக் கட்டுப்படுத்தும். அசலில் கீழே இறங்கும் கார்களின் எடை, அதே கயிற்றில் மேலேறும் கார்களை இழுக்கவும் உதவுகிறது. இரட்டைத் தடம் போட்டால் ஒரே நூல் ஒரு தடத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கும், இதையும் காட்டலாம். ஒற்றைத் தடமென்றால் மோட்டாரைத் திருப்பி ஓட்டுங்கள். கொஞ்சம் ஏமாற்றுதான், பரவாயில்லை.

பிரேக்குகள் மாதிரியில் வேலை செய்ய வேண்டியதில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூன்று வகை இருக்கின்றன. சக்கரத்தை அழுத்தும் இரும்புக் கட்டை ஒன்று. சக்கரங்களுக்கு இடையே தண்டவாளத்தின்மேல் அழுந்தும் மரக்கட்டை இரண்டாவது. ஊசியிலை மரத்தில் செய்த சாதாரணக் கட்டை அது, செங்குத்தான இறக்கத்தில் மரம் கருகும் வாசனை வரும், சில நாட்களில் தேய்ந்து மாற்றப்படும். இதற்கு வண்ணம் பூசாதீர்கள். வெறும் பைன் துண்டு வைத்து, கீழ் ஓரத்தை மட்டும் மெழுகுவர்த்தியில் லேசாகக் கருக்குங்கள். மாதிரி முழுவதிலும் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு உண்மை கிடைக்கும் இடம் வேறில்லை. மூன்றாவது அவசர பிரேக். எஃகு ஆப்பு ஒன்று பிளவுக்குள் இறங்கி இறுகிக்கொள்ளும். அதைப் போட்டுவிட்டால் சில வேளைகளில் வெட்டியெடுக்க வேண்டிவரும் என்பதால் உயிர்போகும் நேரத்தில்தான் தொடுவார்கள். அதன் நெம்புகோலுக்குச் சிவப்பு நிறம் பூசுங்கள்.

உடலுக்கு வருவோம். தேக்கு வேண்டாம். அதன் ரேகை பெரிது, 1:24இல் ஒவ்வொரு ரேகையும் வாய்க்கால் மாதிரி தெரியும். நம் ஊரில் கிடைப்பவற்றில் வெட்பாலை மிக நல்லது. வெளுத்த நிறம், நெருக்கமான ரேகை, சன்னபட்னா பொம்மைகள் அதில்தான் கடையப்படுகின்றன. மஞ்சக்கடம்பும் நன்றாக வரும். தச்சுப் பட்டறையில் சொல்லி ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பட்டைகளாக அறுத்து வாங்கிக்கொள்ளலாம். வண்ணம் பூசி மறையும் பலகைகளுக்கு பிளாஸ்டிக் ஸ்டைரீன் தாளே போதும், மரம்தான் வேண்டும் என்று வம்படியாக நிற்க வேண்டாம். வார்னிஷ் மட்டும் பூசி மரமாகவே தெரியும் பெஞ்சுச் சட்டங்கள், ஜன்னல் சட்டங்கள் இவற்றுக்கு மட்டும் நல்ல மரத்தைச் சேமியுங்கள்.

பெஞ்சுச் சட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டுவதற்குமுன் நான்கு ஓரங்களையும் ஒரு தடவை உப்புத்தாளில் இழுத்துவிடுங்கள். கூர்மையான ஓரம் இருந்தால் அது புதுச் சீப்பு மாதிரி தெரியும், ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்த பெஞ்சாகத் தெரியாது. பயணிகள் பிடித்துத் தொங்கும் நெடுங்கம்பிகளுக்கு 1.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. முழுவதையும் பளபளவென்று தேய்க்காமல், கை படும் நடுப்பகுதியை மட்டும் மெருகேற்றி, மேலும் கீழும் மங்கலாக விடுங்கள்.

கூரை கேன்வாஸ் துணி போர்த்தியது. மாதிரியில் துணி போட்டால் இழை கோணிப்பை மாதிரி பெரிதாகத் தெரியும், மல் துணியாக இருந்தாலும் அப்படித்தான். பரிசுப்பொருள் சுற்றும் டிஷ்யூ காகிதத்தை, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே ஓரங்களை விரலால் இழுத்து மடியுங்கள். காய்ந்ததும் மெல்லிய சுருக்கங்கள் நிற்கும், அவற்றைத் தேய்த்து எடுக்காதீர்கள். பல பவல் கார்களில் கூரையின் நடுவே சிறு ஜன்னல்களோடு ஓர் உயர்ந்த பகுதி உண்டு. உங்கள் காரின் எண்ணுக்கு உரிய படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மணியும் அங்கேதான், கயிறு கட்டி. மணியடிப்பதில் அந்த ஊர் கிரிப்மேன்களுக்கு ஆண்டுதோறும் போட்டியே நடக்கிறது, ஆக அதை ஒரு கறுப்புப் பாசிமணியால் ஒப்பேற்றாமல் லேத்தில் கடைந்து வையுங்கள்.

ஜன்னல் கண்ணாடிக்கு அசிட்டேட் தாள், ஒட்ட வெள்ளைப் பசை. சூப்பர் க்ளூவை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப்போகும், துடைத்தாலும் போகாது. வண்ணம் எல்லாம் பூசி முடித்து, கடைசி வேலையாகக் கண்ணாடி வையுங்கள்.

வண்ணத்தில் ஒரே ஒரு யோசனை. பலகைகளைத் தனித்தனியாக, ஒட்டுவதற்கு முன்பே பூசுங்கள். திறந்த பகுதியின் தூண்களுக்கு இடையே பிறகு தூரிகை போகாது. எழுத்துக்கும் கோடுகளுக்கும் நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் அச்சடித்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டுப் பிரிண்டரில் பொன்னிறம் வராது, மஞ்சள் சாணி நிறம்தான் வரும். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பயன்படுத்தும் தங்க ரேக்கை வெட்டி ஒட்டிப் பார்க்கத் தோன்றும். அது இந்த அளவில் கண்ணைக் கூசும். காவி கலந்த மங்கலான பொன் வண்ணத்தை மிக மெல்லிய பேனாவில் எடுத்து எழுதினால் தூரத்திலிருந்து பார்க்கும்போது அதுதான் நிஜத் தங்க எழுத்தாகத் தெரியும்.

கிட் வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். 1:24இல் வெளிநாட்டு மரக் கிட்டுகள் கிடைக்கின்றன. மேசையில் நிறுத்திவைக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், உழைப்பு பாதியாகும். ஓட்ட வேண்டுமென்றால் வாங்கியவுடன் தரைப் பலகையை ஒதுக்கிவிட்டு, கிரிப்புக்கு இடம் விட்டு, திரும்பும் போகிகளோடு, அதாவது சக்கரங்களைத் தாங்கும் தனிச் சட்டங்களோடு, புதிதாக ஒன்று செய்யுங்கள். கிட்டில் வரும் சுவர்கள், ஜன்னல்கள், கூரை வளைவுகளை அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். எண்ணையும் எழுத்துகளையும் மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.